மீன் வறுவலுக்கு மூன்று கிரெடிட்

ரோஜர்ஸ் சிட்டி, மிச்சிகன்
ஏப்ரல் 6, 1998

அன்புள்ள காஸ்,

நீ கப்பலேறி இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் அடித்தளத்துக் குழாய் உடைந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க நீ வீட்டிலிருந்தபோது சமர்த்தாக இருந்தது. நீ கிளம்பியதும் என்னிடம் வாலாட்டுகிறது. உன் அண்ணன் ஜெரோம் வந்து ஏதோ சுற்றிவிட்டுப் போனார். குழாயைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் முட்டி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

செவ்வாய்க்கிழமை மாலைகளில் அல்பீனாவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். அதே மோட்டல், அதே கூட்ட அறை, அதே ஆறிப்போன காபி. ஐந்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடுகிறது. முதியோர் இல்லத்தில் இத்தனை வருடமாக நான் செய்துகொண்டிருப்பதற்கெல்லாம் மேலாண்மையில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைத் தெரிந்துகொண்டு வருகிறேன், அவ்வளவுதான். மே மாதம் இந்தப் பாடங்கள் முடிந்துவிடும்.

பொதுப் பாடங்கள்தான் பாக்கி. பட்டம் வேண்டுமென்றால் கணக்கு, இலக்கியம், வரலாறு, ஆய்வுக்கூடத்தோடு ஓர் அறிவியல் என்று எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்திருக்க வேண்டுமாம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அவற்றை முதலில் படித்துவிட்டு மேலே போகிறார்கள். எங்களைப் போன்ற பெரியவர்களுக்கான விரைவுப் பட்டத்தில் தலைகீழ். மாடியை முதலில் கட்டுங்கள், அஸ்திவாரத்தை வசதிப்பட்டபோது போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கணக்கையும் இலக்கியத்தையும் தனித்தேர்வு எழுதித் தாண்டிவிட்டேன்.

ஒரு வேடிக்கை கேள். வாழ்க்கை அனுபவத்துக்கும், ஒரு பாடம் படித்து முடித்த மாதிரி, கிரெடிட் தருகிறார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் தேவாலயத்தில் நான் நடத்தும் மீன் வறுவல் விருந்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ஆட்களைப் பிரித்துவிடுவது, எண்ணெய் வாங்குவது, ஃபாதர் சமையலறைக்குள் வந்து யோசனை சொல்லாமல் பார்த்துக்கொள்வது, எல்லாவற்றையும். மூன்று கிரெடிட் கொடுத்துவிட்டார்கள்! மாணவர் ஆலோசகி டெனிஸ் போனில் சொன்னாள்: "ரூத்தான், நீங்க எழுதுனதப் படிச்சுட்டு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பசி வந்துருச்சு."

இல்லத்தை வாங்கிய புதுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. செப்டம்பர் முதல் தேதிக்குள் என் கையில் பட்டம் இருந்தால் 'தற்காலிக நிர்வாகி'யில் உள்ள 'தற்காலிக' போய்விடும். இல்லையென்றால் பட்டம் வைத்திருக்கும் யாரையாவது கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். அந்தச் சம்பளம் வந்தால் நீ கரைக்கு வந்துவிடலாம். நம் திட்டம் நினைவிருக்கிறதல்லவா? எனக்குத் தினமும் நினைவிருக்கிறது.

உன்
ரூத்தான்

—

டெட்ராய்ட் ஆற்றில்
ஏப்ரல் 20, 1998

என் ரூத்தானுக்கு,

உன் கடிதம் காலையில் வாளியில் வந்தது. தபால் படகு எங்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வர, நாங்கள் கயிற்றில் வாளியை இறக்கினோம். உன் கையெழுத்தை மேலேயிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். இதை எழுதி முடித்தால் திரும்பிவரும்போது அதே வாளியில் அனுப்பலாம்.

தைலம் தேய்க்கிறேன். சமையல்காரர் எல்மர் அந்த வாடை சூப்பில் அடிக்கிறது என்கிறார். அவர் சூப்பில் ஏதாவது வாடை அடித்தால் நல்லதுதான் என்றேன். இரண்டு நாளாக எனக்கு மட்டும் ரொட்டி கருகி வருகிறது.

போன ஞாயிறு சாயங்காலம் நம் ஊரைக் கடந்தோம். கேப்டன் நம்மூர்க்காரர் ஆயிற்றே, மறக்காமல் சங்கு ஊதினார், மூன்று நீளம், இரண்டு குட்டை. நீ வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டதைப் பார்த்தேன். சுக்கான் என் கையிலிருந்தது. பக்கத்திலிருந்த பையன், "உங்க வீடா அது?" என்று கேட்டான். "என் வீடு, என் விளக்கு, என் பொண்டாட்டி" என்றேன்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. கிழவர்களைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை? தவளையை அறுத்தால்தான் பட்டமா? ஆனால் நீ கெட்டிக்காரி, செய்துவிடுவாய்.

நான் கரைக்கு வந்தால் முதலில் என்ன செய்யப்போகிறேன் தெரியுமா? நவம்பர் பதினைந்து. மான் வேட்டை தொடங்கும் காலையில் ஜெரோமோடு காட்டுக் குடிசையில் இருப்பேன். கப்பலுக்கு வந்த வருடத்திலிருந்து ஒரு தடவைகூட நான் அங்கே இருந்ததில்லை. ஊரில் பள்ளிக்கூடமே மூடிவிடுகிறது, பொடிப் பயல்கள்கூடப் போகிறார்கள், நான் மட்டும் எங்கேயோ ஏரி நடுவில் நிற்கிறேன். மான் கிடைக்காவிட்டாலும் போகிறது. வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், அதுதான் ஆசை.

உன்
காஸ்

—

ரோஜர்ஸ் சிட்டி
மே 18, 1998

அன்புள்ள காஸ்,

சனிக்கிழமை மேடை ஏறிவிட்டேன்! கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, குஞ்சம், எல்லாம் போட்டுக்கொண்டு. நாற்பத்தாறு வயதில் குஞ்சம் மூக்கில் உரசினால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஜெரோம் உன் இடத்தில் உட்கார்ந்து விசில் அடித்தார். போட்டோ வைத்திருக்கிறேன். சிரிக்கும்போது கண் மூடிக்கொண்டது, அதைப் பெரிதுபடுத்தாதே.

கையிலிருக்கும் நீல உறையைப் பார்த்து ஏமாந்துவிடாதே, காஸ். அது காலி. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது: எல்லாத் தேவைகளும் நிறைவேறிய பிறகு பட்டம் அனுப்பப்படும் என்று. எங்கள் குழுவில் பாதிப்பேர் அப்படித்தான் நடந்தோம். ஒன்றாகப் படித்தவர்கள் ஒன்றாக நடக்கட்டும் என்று கல்லூரியின் வழக்கம். மேடை ஏறுவது வேறு, பட்டம் வேறு.

பாக்கி இருப்பது அறிவியல் ஒன்றுதான். அதுவும் பெரிய கவலை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் லான்சிங்கில் ஒரு வருடம் படித்தேனே, அப்போது ஆய்வுக்கூடத்தோடு உயிரியல் எடுத்திருக்கிறேன். நல்ல மதிப்பெண். அந்தச் சான்றை வரவழைத்து அனுப்பிவிட்டேன். டெனிஸ், "கவலையே படாதீங்க, அதச் சேத்துக்குவாங்க" என்றாள். ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

நீ அங்கே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, மனதில் இருப்பதைச் சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ரூத்தான்

—

சுப்பீரியர் ஏரியில்
மே 31, 1998

என் பட்டதாரிக்கு,

உன் போட்டோ சாப்பாட்டு அறைச் சுவரில் இருக்கிறது. எல்மர் கேக் செய்தார். மேலே உன் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார், ஆனால் ருசி பிரமாதம். இரும்புத்தாது ஏற்றி முடித்துக் கைகூடக் கழுவாமல் ஒவ்வொருவனும் வந்து எனக்குக் கை கொடுத்தான், ஏதோ நான் படித்த மாதிரி. நீ சிரித்தால் கண் மூடிக்கொள்ளும் என்பது எனக்குப் புதிதா? அதைப் பார்த்துத்தானே விழுந்தேன்.

இப்போது உட்கார்ந்துகொள். கேப்டனிடம் சொல்லிவிட்டேன். ஆகஸ்டு கடைசியோடு இறங்குகிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நல்லா யோசிச்சியா காஸ்? உன் எடம் போச்சுன்னா போனதுதான். திரும்பி வந்தா கடைசி ஆளா வரிசையில நிக்கணும், தெரியுமில்ல?"

"இருபத்தேழு வருசமா யோசிக்கிறேன் கேப்டன். என் பொண்டாட்டி மேடை ஏறிட்டா, நான் எறங்கிக்கிறேன்" என்றேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

உறை காலி என்று நீ எழுதியதைப் படித்தேன். அதனால் என்ன? உறை கையில் வந்துவிட்டது, உள்ளே வைப்பது தபாலில் வரும். உனக்கு எப்போதும் கிடைத்ததைக் குறைத்துச் சொல்லிப் பழக்கம். ஆயிரம் பேர் முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், சும்மாவா கூப்பிடுவார்கள்?

ஜெரோமிடம் சொல், குடிசையில் கீழ்க்கட்டில் எனக்கு. என் முட்டியால் மேலே ஏற முடியாது.

உன்
காஸ்

—

ரோஜர்ஸ் சிட்டி
ஜூன் 12, 1998

காஸ்,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கேப்டனிடம் போ. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேள். கெஞ்சிக் கேள். மற்றதைப் பிறகு படி.

என் உயிரியலை அவர்கள் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் லான்சிங்கில் வருடத்தை நான்காகப் பிரித்துப் பாடம் நடத்தினார்கள். இவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். அங்கே கொடுத்த நாலு கிரெடிட் இங்கே மாற்றினால் மூன்றுக்குக் கொஞ்சம் குறைகிறது. தேவை மூன்று. ஒரு கிரெடிட்டில் மூன்றில் ஒரு பங்குதான் குறை, காஸ். ஆனால் பங்கு பங்காக யாரும் பாடம் விற்பதில்லை. முழுப் பாடமும் மறுபடி படிக்க வேண்டும்.

சரி, அதையும் தனித்தேர்வாக எழுதிவிடுகிறேன் என்றேன். டெனிஸ் என் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ரூத்தான், உங்களுக்கு அதுல எடம் இல்லீங்க" என்றாள். தேர்வு எழுதியும் அனுபவத்தைக் காட்டியும் வாங்கும் கிரெடிட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நான் அதை நிரப்பிவிட்டேன். கடைசியாக நிரப்பியது எது தெரியுமா? மீன் வறுவல். எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். சுலபமாகக் கிடைப்பதை முதலில் அள்ளிக்கொண்டோம், கஷ்டமானதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மூன்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பதிவில் ஏறியதை இறக்க முடியாதாம்.

கோடையில் அல்பீனாவில் ஆய்வுக்கூடத்தோடு உயிரியல் நடக்கிறது. பகலில், வாரத்தில் நாலு நாள். மாலை வகுப்பில் கத்தியும் நுண்ணோக்கியும் கிடையாது. கம்பெனியில் விடுப்புக் கேட்டேன். நிர்வாகி பகலில் இல்லத்தில் இல்லாவிட்டால் பிறகு எதற்கு நிர்வாகி என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

கல்லூரிக் குழுவுக்கு மனு எழுதியிருக்கிறேன். ஜூலையில் கூடுவார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கேப்டனிடம் போ.

ரூத்தான்

—

டெட்ராய்ட் ஆற்றில்
ஜூன் 25, 1998

ரூத்தான்,

போனேன். என் இடத்துக்கு வரப்போகிறவனின் பெயர் வேலைப் பட்டியல் பலகையில் ஏறிவிட்டது. அவனுக்கு மூன்று பிள்ளைகள். இதே கப்பலில் ஒன்பது வருடமாகக் காத்திருந்தவன். தூரத்திலிருந்து என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றுகிறான். அவனிடம் போய் என்ன சொல்வது? உங்கள் பதிவில் ஏறியதும் இறங்காது, எங்கள் பலகையில் ஏறியதும் இறங்காது.

உன்மேல் கோபமில்லை. நீ எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். உறை காலி என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான்தான் போட்டோவைப் பார்த்தேன், கடிதத்தைப் பார்க்கவில்லை.

எல்மர் எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தக் குழுக்காரங்களுக்கு ஒரு வெள்ளிக்கெழம மீன வறுத்துப் போடச் சொல்லு. அப்பறம் முடியாதுன்னு சொல்ல வாய் வருமா பாப்போம்" என்றார். சிரித்தோம். பிறகு அவர் என் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சி வைத்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அவர் என்மேல் இரக்கப்பட்டதே இல்லை.

மனுவின் முடிவு தெரிந்ததும் எழுது. நான் இன்னும் நம்புகிறேன்.

காஸ்

—

ரோஜர்ஸ் சிட்டி
ஜூலை 28, 1998

அன்புள்ள காஸ்,

முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாலு வரிக் கடிதம். பொதுக் கல்வியின் அகலம் ஒவ்வொரு பட்டதாரிக்கும் அவசியம் என்று குழு கருதுகிறதாம். டெனிஸ் அழுதேவிட்டாள். "நான் மொதல்லயே உங்க உயிரியலக் கணக்குப் போட்டுப் பாத்திருக்கணும். மீன் வறுவல அனுப்பாதீங்கன்னு சொல்லியிருக்கணும்" என்றாள். நான் அவளைச் சமாதானப்படுத்தி ஃபோனை வைத்தேன். அதன் பிறகுதான் எனக்கு அழ நேரம் கிடைத்தது.

புது நிர்வாகி செப்டம்பர் முதல் தேதி வருகிறான். டிரெவர் என்று பெயர், நம் பெண் மார்லாவைவிட இரண்டு வயது பெரியவன். போன வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனான். நல்ல பையன். எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தால் சௌகரியமாக இருக்கும், வரவில்லை. "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க, நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்" என்கிறான். அவனுக்குக் கீழே இருக்கச் சொல்கிறார்கள். பழைய வேலை, பழைய சம்பளம்.

பொதுக் கல்வி எதற்கு என்று நீ கேட்டாயே, அதற்கு எனக்கு இப்போதும் கோபமாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. தேர்வுக்காக அந்த இலக்கியப் புத்தகத்தைப் படித்த வாரங்கள் எனக்குப் பிடித்திருந்தன. இல்லத்தில் கண் தெரியாத மிஸஸ் பார்ட்டெல்லுக்கு அதிலிருந்து படித்துக் காட்டினேன், அவரும் ரசித்தார். உயிரியலும் பிடித்திருக்கும். பாடத்துக்கு அவர்கள் கொடுக்கிற நேரம்தான் நம் நேரமாக இல்லை.

ஆகஸ்டு கடைசியில் துறைமுகத்துக்கு வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன். எது எப்படி ஆனாலும் நீ வீட்டுக்கு வருகிறாய். அதை நினைத்தால் வெட்கமில்லாமல் சந்தோஷமாகவும் இருக்கிறது.

உன்
ரூத்தான்

—

ஹூரன் ஏரியில்
நவம்பர் 16, 1998

ரூத்தான்,

புதுக் கப்பலிலிருந்து முதல் கடிதம். புதுக் கப்பல் என்றது எனக்குத்தான். அதற்கு என் வயது, என் முட்டியைப் போலவே சத்தம் போடுகிறது. மாற்றாளாக வந்தவன் கடைசி வரிசை என்பதால் சுக்கான் கிடையாது. தளத்தில் கயிறு இழுக்கிறேன். கூட இழுப்பவன் என்னை "தாத்தா" என்கிறான்.

ஆள் வேண்டும் என்று யூனியன் ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தபோது நீ ஒன்றும் சொல்லவில்லை. வேட்டைக்கு மூன்று நாள் இருந்தது. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். போக வேண்டாம் என்று நீ சொல்வாயா என்று பார்த்தேன். நீ என் கம்பளிச் சட்டையை மடித்துப் பையில் வைத்தாய். நீயும் நான் போகமாட்டேன் என்று சொல்கிறேனா எனப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது தோன்றுகிறது. முடியாது என்று சொல்ல நமக்கு வழி இல்லை, அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

வீட்டிலிருந்த இரண்டரை மாதமும் நாம் ஒரு சண்டைகூடப் போடவில்லை. நீ வேலையிலிருந்து வருவாய், டிரெவரைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்வாய். நான் குழாயைப் பற்றிச் சொல்வேன். இலை உதிர்வதை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டேன். ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன், பாரமாக இருந்தது.

நேற்று, வேட்டை தொடங்கிய நாளன்று, பொழுது சாயும்போது நம் ஊரைக் கடந்தோம். நான் முன்தளத்தில் இருந்தேன். வாசல் விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததைப் பார்த்தேன். கேப்டன் ஒஹையோக்காரர், சங்கு ஊதவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். வந்து மூன்று நாள் ஆன கடைசி ஆள் போய் அதைக் கேட்க முடியாது. பக்கத்திலிருந்த பையன், "யாரோ வெளக்க வெச்சு வெளையாடுறாங்க பாருங்க தாத்தா" என்றான். என் வீடு என்று சொல்லவில்லை, ரூத்தான். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. குளிர்காலத்தில் கப்பலை டலூத் துறைமுகத்தில் கட்டி வைக்கும்போது காவலுக்கு ஆள் கேட்டார்கள். தங்குகிறவனுக்கு வசந்தத்தில் முதல் அழைப்பு, ஒருவேளை சுக்கானும் கிடைக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜனவரியில் வரமாட்டேன்.

நீ அந்த உயிரியலை முடித்துவிடு. ஒரு பாடம்தானே.

காஸ்

—

ரோஜர்ஸ் சிட்டி
நவம்பர் 30, 1998

அன்புள்ள காஸ்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே பனி பிடித்துவிட்டது. குழாய் மறுபடி கசிகிறது. ஜெரோமுக்கு ஒரு மான் கிடைத்தது. பாதி இறைச்சியை நம் குளிர்பெட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடிசையில் உன் கட்டிலில் யாரையும் படுக்க விடவில்லை என்று சொன்னார்.

டெனிஸ் கூப்பிட்டாள். ஜனவரியில் அல்பீனாவில் உயிரியல் தொடங்குகிறதாம், பகலில்தான். நான் இப்போது நிர்வாகி இல்லையே, டிரெவர் தாராளமாக அனுப்பி வைக்கிறேன் என்கிறான். மே மாதத்துக்குள் பட்டம் வந்துவிடும் என்கிறாள். எல்லாம் எவ்வளவு சுலபமாகிவிட்டது பார்த்தாயா?

நான் சேரவில்லை, காஸ். அவளிடம் நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். அந்தப் படிப்பை நான் எனக்காகப் படிக்கவில்லை, இல்லத்துக்காகவும் படிக்கவில்லை. உன்னை வீட்டுக்குக் கொண்டுவரப் படித்தேன். நீ இப்போது ஜனவரியில்கூட வராத ஆளாகிவிட்டாய். டலூத்தில் யாரோ ஒருவனுடைய கப்பலுக்குக் காவல் இருக்கப்போகிறாய். கையெழுத்துப் போட்ட பிறகு எனக்குச் சொல்கிறாய். கேப்டனிடம் சொன்ன பிறகு சொன்னாய், இதையும் போட்ட பிறகு சொன்னாய். சண்டை போடவில்லை என்று வருத்தப்பட்டாயே, இதோ போடுகிறேன். எனக்கு மிகவும் கோபமாக இருக்கிறது. நீ ஒரு வார்த்தை பேசியிருந்தால், அன்றைக்குப் போகாதே என்று நான் சொல்லியிருப்பேன். சட்டையை மடித்து வைக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன், நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

எழுதிவிட்டேன், கோபம் போகவில்லை. போகும் என்று நினைத்தேன்.

அன்று கப்பல் வரும் நேரத்தை ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாசலில் நின்றேன். விளக்கை நிறைய நேரம் அணைத்து அணைத்துப் போட்டேன். சங்கு வராது என்று எனக்கும் தெரியும், கேப்டன் யார் என்று ஜெரோம் சொல்லியிருந்தார். யாரோ தளத்தில் நிற்பது போலத் தெரிந்தது. கை காட்டினால் நீ என்று தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். அந்த ஆள் கையை அசைக்கவில்லை.

உள்ளே வந்து சுவிட்சை அணைத்தேன். டலூத்தில் குளிர் எலும்பைத் துளைக்கும் என்பார்கள், அந்தக் கம்பளிச் சட்டை போதாது. இன்னொன்று தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். இனிமேல் நீ இந்தப் பக்கம் கடக்கும்போது வீட்டைத் தேட வேண்டாம். வாசல் விளக்கு எரியாது.

ரூத்தான்